ஒரே ஆடு, இரண்டு நோயாளிகள்

"இந்த ஆட்டுக்கு முதுகுவலி ஏதாவது இருந்துச்சாங்க?"

நான் இப்படிக் கேட்டதும் கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் அரையடி தள்ளி நின்றுகொண்டார்கள்.

"இருந்திருந்தா எங்கிட்ட சொல்லியிருக்கும். நாங்க ரொம்பப் பழக்கம்," என்றார் அவர். "உங்களுக்குக் கறி வேணுமா, இல்ல டாக்டர் வேணுமா?"

"முதுகெலும்பு வேணும். முழுசா. எலும்புக்கு நடுவுல இருக்குற டிஸ்க் எதுவும் அடிபடாம."

"எதுக்கு?"

"ஆராய்ச்சிக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆராய்ச்சி செய்கிறவனின் முகவெட்டு எனக்குக் கிடையாது. பேருந்தில் விட்டுவிட்ட குடையைத் தேடி வந்தவன் மாதிரிதான் எப்போதும் இருப்பேன். ஆனாலும் எலும்பைக் கட்டிக் கொடுத்தார். கிளம்பும்போது, "உடம்பைப் பாத்துக்கங்க தம்பி," என்று அவர் சொன்ன தொனியில், அவர் சொன்னது உடம்பை அல்ல என்பது தெரிந்தது.

என்னை இப்படி ஊர் சிரிக்க வைத்தவர் அண்ணி. என் அண்ணனின் மனைவி. எங்கள் துப்பறியும் நிலையத்தின் முதலாளி, மூளை எல்லாம் அவர்தான். நான் உதவியாளன். அவர் யோசிப்பார், நான் சுமப்பேன். அந்த வாரம் ஆட்டைச் சுமந்தேன்.

அது புதன்கிழமை. சனிக்கிழமை மதியம் ஆட்டுக்குத் தீர்ப்பு வரவேண்டும். ஆட்டோடு சேர்த்து ஒரு பெண்ணுக்கும்.

*

முதுகெலும்பு ஆராய்ச்சி நிலையத்தின் வாசலில், சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் காவலர் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "முடிவு வந்துடுச்சாம். ஐயா காலையிலேருந்து யார்கிட்டயும் பேசல," என்று கிசுகிசுத்தார். எந்தக் கட்டடத்திலும் முதல் துப்பறிவாளர் காவலர்தான். சம்பளம்தான் எங்களைவிடக் குறைவு. எங்களைவிடவும் குறைவு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேராசிரியரின் அறை மாடியில். குள்ளமான மனிதர். உயரமான, மெத்தை வைத்த சுழல் நாற்காலி. உட்கார்ந்தால் அவர் கால் தரையில் படாது. ஆனால் தேய்ந்துபோன டிஸ்க் பற்றி இந்த உலகத்தில் யார் பேசினாலும் அவர் பெயரைச் சொல்லாமல் முடிக்க முடியாது. அவருடைய கண்டுபிடிப்பு இதுதான்: முதுகுத்தண்டில் கெட்டுப்போய், கல்லாக இறுகிவிடும் டிஸ்க்குகளில் துத்தநாகம் எக்கச்சக்கமாகச் சேர்ந்திருக்கிறது. மாத்திரைப் பட்டைகளில் 'ஜிங்க்' என்று போட்டிருக்குமே, அதே உலோகம். நல்ல டிஸ்க்கில் அப்படி இல்லை.

எப்படித் தெரியும்? அறுவை சிகிச்சையில் வெளியே எடுக்கும் டிஸ்க்கைக் கொண்டுவந்து பொடிப்பொடியாக நறுக்குவார்கள். அமிலத்தில் கரைப்பார்கள். ஒரு பெரிய இயந்திரத்துக்குள் விட்டால், எந்த உலோகம் எத்தனை துளி என்று அது சொல்லும். கடலில் ஒரு உப்புக்கல்லைப் போட்டால்கூடக் கண்டுபிடிக்கிற அளவுக்கு மோப்பம் அதற்கு. எங்கள் வீட்டில் நான் டப்பாவிலிருந்து திருடித் தின்பதைக் கண்டுபிடிக்கும் அண்ணியின் மூக்குக்கு அடுத்தபடி அதுதான்.

இதை நம்பி ஒரு மருந்துக் கம்பெனி, உடம்பில் இருக்கும் துத்தநாகத்தை இழுத்து வெளியேற்றும் ஒரு மாத்திரையைத் தயாரித்துவிட்டது. முதல் நோயாளிக்குத் திங்கட்கிழமை காலையில் கொடுக்கப்போகிறார்கள். இந்த நேரம் பார்த்து வெளியூர் ஆய்வகம் ஒன்று, இங்கே சோதித்த அதே டிஸ்க்குகளின் மறுபாதிகளை வாங்கிச் சோதித்துவிட்டு, 'எங்களுக்குத் துத்தநாகம் கிடைக்கவில்லையே' என்று எழுதிவிட்டது.

அப்படியானால் இங்கே யாரோ கலக்கிறார்கள். பேராசிரியர் அப்படித்தான் முடிவு கட்டி, எங்களைக் கூப்பிட்டார். நறுக்கும் அறைக்குச் சாவி வைத்திருப்பது ஒரே ஆள். கத்தியக்கா.

அவருடைய உண்மையான பெயரை அந்த நிலையத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இரும்புக் கத்தி பட்டால் இரும்பு ஒட்டிக்கொள்ளும் என்பதால், நறுக்குவதற்கு ஒரு வெள்ளைப் பீங்கான் கத்தி வைத்திருக்கிறார்கள். அதைத் தொட உரிமை உள்ளவர் அவர் மட்டும்தான். இறந்துபோன அக்காவின் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார். வருடா வருடம் உடல் தகுதிச் சான்றிதழ் காட்டினால்தான் வேலை நீடிக்கும். திங்கட்கிழமைக்குள் நாங்கள் வேறு ஆளைக் காட்டாவிட்டால், அவர் மேல் போலீசில் புகார் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

அண்ணி போட்ட பொறிதான் ஆடு. ஒரே முதுகெலும்பிலிருந்து எடுத்த டிஸ்க்குகள். ஒன்றை அப்படியே பஞ்சு மாதிரி வைத்தார். மற்றவற்றை மொட்டை மாடியில் காயவைத்துக் கல்லாக்கினார். பிறகு ஒரு மெத்தென்ற துண்டையும் ஒரு கல் துண்டையும் இரண்டு நோயாளிகளின் எண்கள் ஒட்டிய புட்டிகளில் போட்டு, பேராசிரியருக்கு மட்டும் சொல்லிவிட்டு, கத்தியக்காவிடம் அனுப்பினார்.

"ஒரே ஆடு," என்றார் அண்ணி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "ரெண்டும் ஒரே மாதிரிதான் வந்திருக்கணும். என்ன சார் சொல்லுது மெஷின்?"

பேராசிரியர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "மெத்துன்னு இருந்த துண்டுல சாதாரண அளவு. காய்ஞ்ச துண்டுல பதினஞ்சு மடங்கு."

"காய வெச்சா கூடுமோ?" என்றேன் நான், கத்தியக்காவுக்காக ஒரு நப்பாசையில்.

"கூடாது. ரெண்டையும் ஒரே மாதிரி உலர்த்தித்தான் எடை போடறோம்." அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "எனக்குச் சந்தோஷம்னு நினைக்காதீங்க மேடம். அந்தம்மா எத்தனையோ வருஷமா என்கூட வேலை செய்யறவங்க. ஆனா இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? கல்லு மாதிரி டிஸ்க் வந்தா அது மோசமான நோயாளின்னு அவங்களுக்குத் தெரியும். உடனே துத்தநாகத்தைச் சேக்கறாங்க. ஆடுன்னு தெரியாம ஆட்டுக்கும் சேத்துட்டாங்க. மாட்டிக்கிட்டாங்க."

ஆட்டைச் சுமந்து வந்து ஒரு பெண்ணின் கழுத்தில் கட்டியவன் நான்.

அண்ணி மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், கூடவே வெற்றுப் புட்டின்னு ஒண்ணு வைப்பீங்களே?"

"ஆமா. ஒவ்வொரு தடவையும் சதையே போடாம, வெறும் அமிலத்தோட ஒரு புட்டியும் எல்லா இடத்துக்கும் போய் வரும். அறையிலயோ அமிலத்துலயோ அழுக்கு இருந்தா அதுல தெரிஞ்சிடும். அது எப்பவும் சுத்தம்." கசப்பாகச் சிரித்தார். "அறை சுத்தம் மேடம். ஆளுதான் அழுக்கு."

"வெற்றுப் புட்டியை யாராவது நறுக்குவாங்களா?"

"அதுல நறுக்க என்ன இருக்கு?"

"அதானே," என்று அண்ணி எழுந்தார். "தம்பி, இடுப்பு பெல்ட்டைக் கழட்டு."

"அண்ணி?"

"நறுக்கற அறைக்குள்ள போகப்போற. உலோகம் எதுவும் கூடாது. மோதிரம், கடிகாரம், பெல்ட், எல்லாத்தையும் கழட்டு."

"பெல்ட்டைக் கழட்டினா இந்தக் கால்சட்டை நிக்காதே அண்ணி."

"அதுக்குத்தான் உனக்குக் கை குடுத்திருக்கு."

*

நறுக்கும் அறை ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே எல்லாமே வெள்ளைப் பிளாஸ்டிக். மேசை பிளாஸ்டிக், தட்டு பிளாஸ்டிக், ஆணிகூடப் பிளாஸ்டிக். நாற்காலி கிடையாது. ஆய்வக நாற்காலிகள் எல்லாவற்றுக்கும் இரும்புக் கால் என்பதால் உள்ளே அனுமதி இல்லையாம். கதவில் ஒரு பலகை: பொடி, பூச்சு, மை, களிம்பு, உலோகம் எதுவும் கூடாது. என் கல்யாண ஆல்பத்தில் இருக்கிற யாரும் அந்த அறைக்குள் நுழைய முடியாது.

தொப்பி, முகமூடி, பிளாஸ்டிக் அங்கி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடி நான் உள்ளே போனேன். அண்ணியும் பேராசிரியரும் கண்ணாடிக்கு வெளியே நின்றார்கள்.

கத்தியக்கா நல்ல உயரம். கதவு நிலையில் தலை இடிக்கும்போல இருந்தது. முகமூடிக்கு மேலே தெரிந்த கண்கள் தூக்கம் கெட்டுச் சிவந்திருந்தன.

"என்னைப் பிடிச்சுட்டுப் போக வந்திருக்கீங்களா?" என்றார்.

"ஒரு கையால கால்சட்டையைப் பிடிச்சுக்கிட்டு யாரைப் பிடிக்கறதுக்கா?"

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அதற்கே அவர் முகமூடியை அழுத்திக்கொண்டார், எச்சில் தெறித்துவிடக் கூடாதென்று. இந்த ஆளா சோதனையைக் கெடுப்பவர் என்று எனக்கு அப்போதே மனசு ஒப்பவில்லை. ஆனால் என் மனசு ஒப்பாதவர்கள் இதற்கு முன் மூன்று வழக்கில் உள்ளே போயிருக்கிறார்கள்.

"உங்களை மாதிரி ஒரு துண்டை நறுக்கக் கத்துக்குடுங்கக்கா. அண்ணி உத்தரவு."

பொறிக்காகக் காயவைத்ததில் மிச்சமிருந்த ஒரு கல் துண்டை எடுத்து வைத்தோம். பீங்கான் கத்தி கூர்மைதான், ஆனால் ஓங்கி வெட்டக் கூடாது, உடைந்துவிடும். கடலைப் பருப்பை நகத்தால் சீவுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். மேசையோ என் தொடை உயரம். குனிந்தேன். சீவினேன். இன்னும் குனிந்தேன்.

"இந்த மேசையை யாருக்குக்கா செஞ்சாங்க?"

"சாருக்கு. ஆரம்பத்துல அவர்தான் நின்னு நறுக்குவாரு. அவர் உயரத்துக்கு அளவெடுத்துப் பண்ணினது." குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு தடவை சொல்லிப் பாத்தேன், உசத்திக் குடுங்கன்னு. மேசையை மாத்தினா அறையை முழுசா மறுபடி சுத்தம் பண்ணிச் சோதிக்கணும், மாசக்கணக்குல வேலை நிக்கும்னாரு. சரின்னுட்டேன்."

"மெத்துன்னு இருக்கற துண்டுன்னா சீக்கிரம் முடிஞ்சிடுமோ?"

"அது என்ன, வெண்ணெய் மாதிரி. இந்தக் கல்லுதான் உயிரை வாங்கும். ஒரு டிஸ்க்குக்கு அரை நாள் ஆயிடும்."

என் முதுகைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் அலுவலக நாற்காலிக்கு ஒரு சக்கரம் கிடையாது. அதில் உட்கார்ந்து உட்கார்ந்து என் முதுகு கேள்விக்குறி மாதிரி ஆகிவிட்டது. அந்த மேசையில் குனிந்த கொஞ்ச நேரத்திலேயே இடுப்புக்கு மேலே யாரோ ஆணி அடிப்பது போல இருந்தது. முனகிக்கொண்டே வேலையைத் தொடர்ந்தேன்.

கண்ணாடியில் டொக் டொக் என்று சத்தம். அண்ணி.

"தம்பி! கையை எங்க வெச்சிருக்க?"

"இடுப்புலதான் அண்ணி! கால்சட்டை விழுந்துடும்!"

"அந்தக் கை இல்ல. மத்தது!"

பார்த்தேன். கத்தி பிடித்திருந்த கை கத்தியை வைத்துவிட்டு, எனக்கே தெரியாமல் முதுகுக்குப் போய், நடு இடுப்பை அழுத்திக்கொண்டிருந்தது. வலிக்கிறவன் கை அங்கேதான் போகும். யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் நின்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த கத்தியக்காவின் கையும் முதுகில்தான் இருந்தது. ஆனால் அவர் கை அங்கியின் மேலே இல்லை. பின்பக்கத் திறப்பு வழியாக உள்ளே போயிருந்தது. கையுறையோடு.

எங்கள் கண்கள் சந்தித்தன. அவர் கையை வெடுக்கென்று வெளியே இழுத்தார்.

"அக்கா," என்றேன் மெதுவாக. "உள்ள என்ன கட்டியிருக்கீங்க?"

*

அண்ணி உடைமாற்றும் அறைக்குள் அவரை அழைத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் பேராசிரியரும் வெளியே. அவர், "ஒளிச்சு வெச்சிருக்காங்க பாத்தீங்களா?" என்றார். நான் பெல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. கத்தியக்கா முகமூடி இல்லாமல், தலைகுனிந்து நின்றார். அண்ணியின் கையில் ஒரு பிளாஸ்திரிச் சுருள். அகலமான, வெள்ளைத் துணிப் பிளாஸ்திரி.

"இடுப்பைச் சுத்தி மூணு அடுக்கு," என்றார் அண்ணி. "விலா எலும்பு வரைக்கும். தோலெல்லாம் கொப்புளம்."

"பிளாஸ்திரியா?" என்றார் பேராசிரியர்.

"டாக்டர் பெல்ட்தான் போடச் சொன்னாரு சார்," என்றார் கத்தியக்கா. கண்ணீர் ஒரு பக்கம் வழிந்துகொண்டே இருந்தது. "எனக்கும் டிஸ்க்தான் போயிருக்கு, ரெண்டு இடத்துல. ஆனா அந்த பெல்ட்டுக்குள்ள இரும்புப் பட்டை வெச்சுத் தெச்சிருக்கு. இரும்போட உள்ள போகக் கூடாதுன்னு உங்க சட்டம். அதை நான் எப்படி மீறுவேன்? அதான், இரும்பே இல்லாம, துணியும் பசையும் மட்டும்னு பிளாஸ்திரியை இறுக்கிச் சுத்திக்கிட்டேன். வலி இல்லாத நாள்ல அதுவும் கிடையாது. கல்லு டிஸ்க் வர்ற அன்னிக்கு மட்டும்தான். வேர்த்துச்சுன்னா ஓரம் பிரிஞ்சுக்கும், அழுத்தி அழுத்தி ஒட்டிக்குவேன். முதுகு போனவன்னு தெரிஞ்சா தகுதிச் சான்றிதழ் குடுக்க மாட்டாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. அதுதான் சார் என் தப்பு. மத்தபடி நான் எதையும் கலக்கல."

நான் அண்ணியின் கையிலிருந்த சுருளை வாங்கினேன். இதே சுருள் என் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. இரவு நேரங்களில் வேறு படிக்க ஒன்றும் இல்லாமல் அதன் அட்டையைப் படித்திருக்கிறேன். உள் வளையத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. பேராசிரியரிடம் நீட்டினேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"துத்தநாக ஆக்ஸைடு," என்றார்.

"பிளாஸ்திரியை வெள்ளையாக்கறதே அதுதான்," என்றார் அண்ணி. தன் கறுப்புக் கைப்பையை எடுத்து, கத்தியக்கா கழற்றிய கையுறையின் விரல்களை அதன்மேல் அழுத்தினார். கறுப்பில் நான்கு வெள்ளைத் தடங்கள். "இரும்பை வெளியில நிறுத்திட்டு, துத்தநாகத்தைச் சட்டைக்குள்ள போட்டுக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. உங்க சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் சார்."

"வெற்றுப் புட்டி..." என்று ஆரம்பித்தார் பேராசிரியர்.

"அதை யாரும் நறுக்கறதில்ல. அதுக்காக யாரும் அரை நாள் குனியறதில்ல. அதனால அது சுத்தம். மெத்துன்னு இருக்கற டிஸ்க் சீக்கிரம் முடிஞ்சிடும், அதனால அதுவும் சுத்தம். கல்லு டிஸ்க்குன்னா முதுகு வலிக்கும், வலிச்சா பிளாஸ்திரி, பிளாஸ்திரின்னா துத்தநாகம்."

"இது ஊகம்."

"ஊகம்தான். இன்னும் ஒரே ஒரு காய்ஞ்ச துண்டு மிச்சமிருக்கு. பிளாஸ்திரி இல்லாம இவங்களே நறுக்கட்டும்."

"அவங்களால நிக்க முடியாதே அண்ணி," என்றேன்.

"யாரு நிக்கச் சொன்னா? தம்பி, வாசல்ல காவலர்கிட்ட ஒரு நாற்காலி இருக்கு பாரு. முழுக்கப் பிளாஸ்டிக்."

*

நான் அந்தச் சிவப்பு நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தபோது, பேராசிரியர் அதையே வெறித்துப் பார்த்தார். எந்தக் கடையிலும் அடுக்கி வைத்திருக்கும் நாற்காலி. ஒரு துளி உலோகம் கிடையாது. இத்தனை வருடத்தில் அந்தக் கட்டடத்தில் இருந்த எந்தப் பெரிய மூளைக்கும் அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, ஆனால் என் மூளை கணக்கில் வராது.

நன்றாகக் கழுவி உள்ளே வைத்தோம். புது அங்கி, புதுக் கையுறை. கத்தியக்கா உட்கார்ந்தார். நிற்பவருக்குத் தொடை உயரத்தில் இருந்த மேசை, உட்கார்ந்தவருக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. அவர் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து, ஒரு நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருந்தார். பிறகு சீவத் தொடங்கினார்.

"ஒண்ணு கேக்கணும் மேடம்," என்றார், தலை நிமிராமல், ஒலிபெருக்கி வழியாக. "வெள்ளிக்கிழமை வந்துச்சே, ரெண்டு சின்ன டிஸ்க். அது..."

"ஆடு," என்றார் அண்ணி.

கத்தி நின்றது. "ஆடா? அவ்வளவு சின்னதா இருக்கேன்னு, யாரோ பச்சப் பிள்ளையோடதுன்னு நினைச்சுட்டேன். இந்த வயசுலயே முதுகு இப்படிக் கல்லாயிடுச்சேன்னு அன்னிக்குச் சோறே இறங்கல." ஒரு பெருமூச்சு. "ஆடா. நல்லவேளை."

அண்ணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணி பொறி வைத்துப் பிடித்த எத்தனையோ பேர் அவரைத் திட்டியிருக்கிறார்கள், ஒருவன் செருப்பை வீசியிருக்கிறான். ஒருவரும் இப்படி 'நல்லவேளை' என்று சொன்னதில்லை.

நறுக்கி, அமிலத்தில் கரைத்து, இயந்திரம் அதை மோந்து பார்த்து முடிப்பதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. எல்லோரும் பேராசிரியரின் அறையில் கூடியிருந்தோம். திரையில் எண் வந்தது. நான் பார்க்கவில்லை, பேராசிரியரின் முகத்தைத்தான் பார்த்தேன். முகம் அப்படியே அவிந்துபோனது.

"சாதாரண அளவு," என்றார்.

கத்தியக்கா பேர் தப்பியது. நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கப் போனேன். ஆனால் அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"சார், நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார். "கோவிச்சுக்காதீங்க. நான்தான் வேணும்னே கலந்தேன்னு எழுதிக் குடுத்துடறேன்."

"அக்கா!" என்றேன். அண்ணி என் காலை மிதித்தார்.

"யாரோ கெடுத்துட்டாங்கன்னா உங்க பேரு நிக்கும். பாவம்னு சொல்லி மறுபடி செய்ய விடுவாங்க. உங்க மேசையால வந்த வினைன்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும். எனக்கு எப்படியும் வேலை போகப்போகுது, முதுகுதான் தெரிஞ்சுபோச்சே. போற வேலை உங்களுக்காவது ஆகட்டும். போலீசு மட்டும் வேணாம். அக்கா பிள்ளைங்க ரெண்டும் படிச்சு முடிக்கற வரைக்கும் நீங்க பாத்துக்கங்க."

பேராசிரியர் திரையை அணைத்தார்.

உடனே 'சேச்சே' என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. சுழல் நாற்காலியில், கால் தரையில் படாமல், மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அந்த மௌனம் நீளநீள எனக்கு அவரைக் கன்னத்தில் அறைய வேண்டும்போல இருந்தது. அப்புறம், அந்த நாற்காலியில் நான் இருந்தால் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வேன் என்று யோசித்தேன். அறையும் எண்ணத்தைக் கைவிட்டேன். ஓர் ஆயுள் முழுக்கச் சேர்த்த பெயர். எதிரே, அதைக் காப்பாற்ற ஒரு கையெழுத்து போடத் தயாராக இருக்கும் ஆள். எத்தனை பேர் வேண்டாம் என்பார்கள்?

அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "திங்கட்கிழமை முதல் மாத்திரை யாருக்கு சார்?"

"ஒரு லாரி டிரைவருக்கு," என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "உடம்புக்குத் தேவையான துத்தநாகத்தையும் அது இழுத்துடும்," என்றார். யாருக்கோ பாடம் நடத்துவது போல.

தொலைபேசியை எடுத்தார்.

"நான்தான் பேசறேன். திங்கட்கிழமை மருந்து குடுக்க வேணாம்... இல்ல, தள்ளிப்போட இல்ல, நிறுத்தறதுக்கு... இல்லங்க, யாரும் கலக்கல. நோயாளிங்க முதுகை அளக்கறோம்னு நினைச்சு, எங்கிட்ட வேலை பாக்கறவங்க முதுகு வலியை அளந்துட்டிருந்தேன்... ஆமா, முழுசும் தப்பு. எழுத்துல தர்றேன். என் பேருல. என் பேருல மட்டும்."

வைத்தார்.

"உங்க வேலைக்கு என்னால இப்ப வாக்குக் குடுக்க முடியாதும்மா," என்றார் கத்தியக்காவிடம். "திங்கட்கிழமை எனக்கே இருக்குமான்னு தெரியல. என்னை விட்டு வெச்சா, எல்லாத்தையும் முதல்லேருந்து நறுக்கணும். அதுக்கு நீங்க வேணும்னு கேப்பேன். கேக்கறது மட்டும்தான் என்னால முடியும்." எழுந்து அவர் அருகில் வந்தார். கத்தியக்காவின் தோள் உயரம்தான் இருந்தார். "இவ்வளவு வருஷத்துல உங்க முதுகை நான் ஒரு தடவை கூடப் பாக்கல. திரும்புங்க. எங்க வலிக்குது?"

அந்த நேரம் கதவில் காவலரின் தலை.

"ஐயா, என் நாற்காலி?"

"அது இனிமே உள்ளதான் இருக்கணும்," என்றார் பேராசிரியர், திரும்பாமல்.

"சரிங்கய்யா." காவலர் தயங்கினார். "அப்ப நான் நின்னுக்கறதா?"

பேராசிரியர் மெல்லத் திரும்பினார். காவலரைப் பார்த்தார். பிறகு தன்னுடைய பெரிய சுழல் நாற்காலியை, மெத்தையும் கைப்பிடியுமாக, அவரே தள்ளிக்கொண்டு வெளியே போனார். அது கிரீச் கிரீச்சென்று நடைபாதை முழுக்க அழுதுகொண்டே போனது. படிக்கட்டில் நானும் ஒரு கை கொடுத்தேன். வேறு யார் சுமப்பார்கள்?

நாங்கள் கிளம்பும்போது காவலர் வாசலில் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில், அதன் முதுகைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"உக்காருங்க," என்றார் அண்ணி.

"யாராவது பாத்தா என்ன நினைப்பாங்கம்மா?"

அண்ணி தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். என் தோளையும் பிடித்துத் திருப்பினார். "யாரும் பாக்கல."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எங்களுக்குப் பின்னால் அந்த மெத்தை மெதுவாக மூச்சு விட்டது.